மேல் சன்னல்

இங்கன உக்காருங்க தாயி, காத்து வரும். அவ தூங்குதா. மத்தியானம் சாப்புட்டுக் கண்ணசந்தா வெயில் எறங்கித்தான் எந்திரிப்பா. எழுப்பவா? எழுப்புனா ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டா, சிரிச்சுக்கிட்டேதான் வருவா. அந்தச் சிரிப்பப் பாக்கத்தான் எனக்குப் புடிக்காது. தூங்கட்டும்.

ஜமீன் சரித்திரம் எழுதணும்னா அவகிட்டத்தான் கேக்கணும்னு யாரு சொன்னது உங்களுக்கு? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரனா? அவன்தான் சொல்லியிருப்பான். இந்த ஊருல யாரக் கேட்டாலும் “பெரிய நாச்சியாரப் பாருங்க”ன்னுதான் கைய நீட்டுவாக. முன்ன ஒருக்க டிவிக்காரங்க வந்தாக. நான் பட்டுச்சேலை கட்டி, காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சுட்டு, “பெரியம்மா எங்க?”ன்னு கேக்கான். நான் குடுத்த காப்பி தாயி, நான் குடுத்த காப்பி.

அந்தப் போனுல பதிவு பண்ணுதியளா? பண்ணுங்க. நான் வெள்ளத்துரைச்சி. நெடுஞ்சுனை ஜமீனுக்குச் சின்ன மருமக. உள்ள தூங்குறவ சண்முகத்தாய், என் ஓரகத்தி, பெரிய மருமக. அவ புருசன் பெரிய தொரை தவறிட்டாக. இப்ப எங்க வீட்டுக்காரவுகதான் ஜமீன். அவுக ஜமீன்னா நான்தான் பெரிய நாச்சியார். எவனாவது அப்படிச் சொல்லுதானா?

சரித்திரம்தான? சொல்லுதேன். மொத ஆளு வீரணத் தேவர். இந்த மலையடிவாரத்துல ஒரு சுனை இருக்கு, எந்தக் கோடைக்கும் வத்தாது. மதுரையிலருந்து நாயக்கர் படை தெக்க வரும்போது தண்ணிக்குத் தவிச்சுப் போயி இங்க வந்திருக்கு. சுனைக்குக் காவல் நின்ன நம்ம ஆளு, “மொதல்ல குதிரைக்கு, பொறவுதான் மனுசனுக்கு”ன்னு சொல்லிட்டாராம். படைத்தலைவருக்கு அந்தப் பேச்சு புடிச்சுப் போச்சு. “ஒரு பகல்ல நீ நடக்கிற தூரம் பூராம் உனக்கு”ன்னுட்டாரு. வீரணத் தேவர் நடக்கல, ஓடியிருக்காரு. பொழுது சாயுற மட்டும் ஓடியிருக்காரு. எங்க மாமனார் இதச் சொல்லும்போதெல்லாம், “ஓடுனவன் வம்சம் நம்ம வம்சம், கெடச்ச எடத்துல நிக்கத் தெரியாது”ம்பாக. சொல்லிட்டு என்னையத்தான் பாப்பாக. ஏன்னு தெரியாது.

அதுக்குப் பொறவு கும்பினிக்காரனுக்குக் கிஸ்தி கட்டுனது, குதிரைப் பந்தயத்துல தோத்தது, அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போயி வக்கீல் வீட்டுக்குத் தோப்பு தொறவெல்லாம் போய்ச் சேந்தது. எல்லா ஜமீன்லயும் நடந்ததுதான். ஜமீன் ஒழிப்பு வந்து நெலமும் போச்சு. மிச்சம் இந்த அரமனை, பின்னால கொஞ்சம் தென்னை, சுனையம்மன் கோயில்ல முதல் மரியாதை. ஆம்பளைக்குப் பரிவட்டம். பொம்பளைக்கு அந்தச் சன்னல்.

நீங்க வரும்போது பாத்திருப்பிய. தெருவப் பாத்தாப்புல, மேல்மாடியில, பெயிண்டு உரிஞ்ச பச்சைச் சன்னல். வருசம் பூராம் சாத்தித்தான் கெடக்கும். பங்குனித் திருவிழாவுல ஆத்தா சப்பரம் இந்தத் தெருவுக்கு வரும்போது மட்டும்தான் தொறக்கிறது. சப்பரம் அந்தச் சன்னலுக்கு நேர் கீழ நிக்கணும். பெரிய மருமக ஒரு பட்டுச்சேலைய ஓலைக்கூடையில வச்சு, கயித்தக் கட்டி மேலருந்து எறக்கணும். பூசாரி தொரட்டியப் போட்டுக் கூடைய வாங்கி, அந்தச் சேலைய ஆத்தாளுக்குச் சாத்துவாரு. அதுக்கப்புறம்தான் சப்பரம் நகரும். எறக்கலைன்னா நகராது. மந்திரியே வந்தாலும் நிக்க வேண்டியதுதான்.

எப்படி வந்துச்சு இந்த வழக்கம்னு கேளுங்க. முந்தி ஒரு நாச்சியார் பிள்ளை பெத்துத் தீட்டுல மேல்மாடியில இருந்திருக்கா. சப்பரம் வந்து நின்னது, நின்னதுதான். தூக்குறவங்க தோளு நகரல. சாமியாடி மேல ஆத்தா வந்து, “எம் மருமவளப் பாக்காமப் போகமாட்டேன்”னுட்டா. அவ சன்னலத் தொறந்து, பிறந்த வீட்டுலருந்து வந்த சேலைய எறக்குனா. சப்பரம் நகந்துச்சு. அன்னையிலருந்து இன்னைய வரைக்கும் அதுதான். ஜமீனா இருக்கிறவரு பொஞ்சாதி, தாலியோட இருக்கிறவ, அவதான் எறக்கணும். அன்னைக்கு அரமனைச் சுமங்கலிப் பொம்பளைக எவளும் தெருவுல கால் வைக்கக் கூடாது. மத்த நாளு நான் பேங்குக்குப் போறேன், ஆஸ்பத்திரிக்குப் போறேன், மினி பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறேன். அந்த ஒரு நாளு மட்டும் கூடாது.

இப்ப நான் ஒண்ணு கேக்கேன், நீங்க படிச்சவுக, நியாயம் சொல்லுங்க. என் பிறந்த வீடு ஆனை கட்டி வாழ்ந்த வீடு. நெசமான ஆனை. எங்க தாத்தா காலத்துச் சங்கிலி இன்னும் அங்க கெடக்கு. அவ பிறந்த வீடு? சம்சாரி வீடு, உழுது பொழைக்கிற வீடு. மாடு கட்டி வாழ்ந்த வீடு. ஜாதகம் பொருந்திச்சுன்னு பெரிய தொரைக்கு அவளப் பேசிட்டாக. ரெண்டு கல்யாணமும் ஒரே பந்தல், ஒரே நாள். அவ கழுத்துல தாலி ஏறி, கெட்டிமேளம் அடங்குறதுக்குள்ள என் கழுத்துல ஏறுச்சு. அந்த ஒரு கெட்டிமேளம்தான் தாயி வித்தியாசம். அதுக்கு ஆயுசு பூராம் அவ மேல, நான் கீழ.

கீழன்னா, மேல் சன்னலுக்கு நேர் கீழ, மரச்சட்டம் போட்ட ஒரு சின்னச் சன்னல் இருக்கு. சின்ன மருமக அங்கதான் நிக்கணும். அங்கன நின்னா என்ன தெரியும்? சூடப் பொகையும், தூக்குறவங்க வேர்வையும், ஆத்தா மொகமும்தான். சப்பரம் வந்து நின்னா எனக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல ஒரு கை தூரம். கண்ணும் கண்ணும் நேருக்கு நேர். சப்பரம் நிக்கிற அந்தக் குலுக்கல்ல ஆத்தா மூக்குல புல்லாக்கு ஆடும் பாருங்க, அது உதட்டுல தட்டுற சத்தங்கூட எனக்குக் கேக்கும். நான் அதையா பாத்துக்கிட்டு இருந்தேன்? சட்டத்துல கன்னத்த ஒட்டி வச்சு, கழுத்தச் சாச்சு, மேலருந்து கூடை எறங்குதான்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அவ கையி தெரியும். வளையலோட கையி. அந்தக் கையி தெரிஞ்சதும் ஊரே குலவை போடும். ஊரே. அவ கைக்கு.

எங்க மாமியார் நாங்க வாரதுக்கு முந்தியே தவறிட்டாக, அதனால மொத வருசமே அவதான் மேல. அந்த வருசமே வெக்கத்த விட்டுக் கேட்டேன். “அக்கா, நானும் மேல வந்து பின்னால நின்னுக்கிடுதேன்”னேன். என்ன சொன்னா தெரியுமா? “மேல என்னத்தப் பாக்கப் போற தங்கச்சி, கீழயே நில்லு, அதுதான் உனக்கு நல்ல எடம்”னா. கேட்டியளா? உனக்கு அதுதான் எடம்! சம்சாரி வீட்டுப் பொண்ணு ஆனை வீட்டுப் பொண்ணப் பாத்துச் சொல்லுதா. அன்னைக்கு எரிஞ்ச வயிறு இன்னும் அடங்கல.

அதோட விட்டாளா? சப்பரம் போனதும் கீழ எறங்கி நேரா எங்கிட்ட வருவா. வந்து, “புல்லாக்கு ஆடுச்சா தங்கச்சி?”ம்பா. வருசா வருசம் இதே கேள்வி. நான் “ஆடுச்சு”ன்னுட்டு அடுப்படிக்குப் போயிருவேன். ஒரு வருசம் பின்னாலயே வந்து, “ஆத்தா சிரிச்ச மாதிரி இருந்தாளா, கோவமா இருந்தாளா?”ன்னு கேக்கா. “செம்புச் சிலைக்கு என்ன சிரிப்பும் கோவமும்”னேன். போயிட்டா. மேல நின்னு எல்லாத்தையும் அனுபவிச்சுட்டு, கீழ நின்னவகிட்ட வந்து கேக்கிறது எதுக்கு? குத்திக் காட்டத்தான? வேற எதுக்கு?

பெரிய தொரை தவறுனாக. நல்ல மனுசன், நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அழுதேன். நெசமாத்தான் அழுதேன். ஆனா அழுதுக்கிட்டு இருக்கும்போதே மனசுக்குள்ள அந்தப் பச்சைச் சன்னல் வந்து நின்னுச்சு. மனசுக்கு என்ன பூட்டா போட முடியும்? துட்டி வீடுன்னு அந்த வருசம் சப்பரம் நிக்காமலே போயிருச்சு. போன பங்குனிக்கு எல்லாம் கழிஞ்சுட்டு. இனிமே என் முறை.

அவ லேசுல விடமாட்டான்னு நினைச்சேன். மேல் ரூம் சாவி அவ இடுப்புலதான் கெடக்கும். கேட்டா என்ன சொல்லுவா, அதுக்கு நான் என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். எங்க அண்ணனுக்கும் போன் பண்ணி, ஒரு பேச்சுன்னா வந்து நில்லுன்னு சொல்லி வச்சிருந்தேன். கொடியேத்துன அன்னைக்கு நான் கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். அவ வந்தா. சாவியக் கீரைக்குப் பக்கத்துல வச்சா. “கயிறு பழசு, புதுசு வாங்கிக்கோ தங்கச்சி”ன்னா. போயிட்டா. அவ்வளவுதான்! இத்தனை வருசம் நான் ஏங்குன ஒண்ண, கறிவேப்பிலை குடுக்கிற மாதிரிக் குடுத்துட்டுப் போறா. ஒரு சண்டை போடக் கூடாதா? ஒரு சொட்டுக் கண்ணீரு விடக் கூடாதா? சண்டை போட்டு வாங்கியிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, குடுத்துட்டா. நான் விடுவேனா? சங்கரன்கோயிலுக்குப் போயி அரக்குல பச்சைக் கரை போட்ட பட்டு எடுத்தேன். வளையல் புதுசு. ஏன்னா கையிதான தெரியும். கயித்துல மஞ்சள் தடவுனேன். எங்க வீட்டுக்காரவுக, “என்ன, நீயே சப்பரத்துல ஏறப் போறியா?”ன்னு கேலி பண்ணுனாக. அவுக பேச்ச யாரு கேட்டா?

அன்னைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம். மேளச் சத்தம் தெருமுக்குல கேட்டுச்சு. சன்னலத் தொறந்தேன். சப்பரம் வந்துச்சு. எனக்கு நேர் கீழ வந்து நின்னுச்சு. நான் கும்புட்டுக்கிட்டே குனிஞ்சு பாக்கேன்.

கொட்டகை தாயி.

சப்பரத்துக்கு மேல கட்டியிருக்கிற கொட்டகை. மூங்கிலும் கயித்து முடிச்சும் பழைய தார்ப்பாயும். முன்பக்கம்தான ஜரிகையும் பூவும்? மேல எவன் பாக்கப் போறான்னு கிழிஞ்ச பாயப் போட்டுக் கட்டியிருக்கான். அதுக்குப் பக்கத்துல விரிச்ச ஒரு குடை. அவ்வளவுதான். சாய்ஞ்சு பாக்கேன், எக்கிப் பாக்கேன், ஆத்தா தெரியல. ஆத்தா காலும் தெரியல, கையும் தெரியல. கீழருந்து தொரட்டி ஒண்ணு மட்டும் மேல வருது. கூடைய எறக்குனேன். தொரட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. குலவை கேக்குது. என் சேலையத்தான் சாத்துதாக, எப்படிச் சாத்துதாகன்னு எனக்குத் தெரியல. கரை மேல வந்திருக்கா, முந்தி எந்தப் பக்கம் விழுந்திருக்கு, ஒண்ணும் தெரியல. கல்யாணப் பந்தல் கூரை மேல ஏறி உக்காந்து கல்யாணம் பாத்த கதைதான். ஆத்தா மருமவளப் பாக்கணும்னு கேட்டாளே ஒழிய, மருமவ ஆத்தாளப் பாக்கணும்னு எவனுக்குத் தோணியிருக்கு?

அந்நேரம்தான் தெருவப் பாத்தேன். கூட்டத்துக்கு நடுவுல, சப்பரத்துக்கு முன்னால, வெள்ளைச் சேலையில நிக்கா. சண்முகத்தாய்! அரமனைப் பொம்பளை, பங்குனித் தெருவுல, செருப்பில்லாம, ஊரு சனத்தோட சனமா. தாலியோட இருக்கிறவளுக்கு மேல் சன்னல், சின்னவளுக்குக் கீழ் சன்னல். தாலி போனவ எங்க நிக்கணும்னு எந்தப் பாட்டனும் சொல்லி வைக்கல. அதப் புடிச்சுக்கிட்டா பாருங்க! பூக்காரி ஒருத்தி அவ தோளுல கையப் போட்டு முன்னால இழுத்து விடுதா. சனம் வழி விடுது. அவ ஆத்தா மொகத்துக்கு நேர நின்னு பாக்கா. கும்புடக்கூட இல்ல. வாயத் தொறந்துக்கிட்டு, மொத மொதல்ல திருவிழா பாக்க வந்த பிள்ளை மாதிரிப் பாக்கா. கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. தொடைக்கணும்னுகூடத் தோணல அவளுக்கு.

ஊரு எங்கயப் பாத்துச்சுன்னு நினைக்கிய? மேலயா? என் புது வளையலயா? எல்லாரும் அவளத்தான் பாத்தாக. நான் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கேன், வெறுங்கயித்த.

சப்பரம் போயிருச்சு. நான் எறங்கி வந்தேன். அவ தெருப்புழுதியோட உள்ள வாரா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “தெருவுல எறங்கி அரமனை மானத்த வாங்கிட்டியே”ன்னு கேக்கணும்னுதான் வாயத் தொறந்தேன். ஆத்தா சத்தியமா அதைத்தான் கேக்க நினைச்சேன். வாயில வந்தது வேற. “புல்லாக்கு ஆடுச்சாக்கா?”ன்னு கேட்டுட்டேன்.

அவ எங் கையப் புடிச்சு உக்கார வச்சுட்டா. “ஆடுச்சு தங்கச்சி. சப்பரம் நின்ன பொறவும் நிக்காம ஆடுச்சு. உன் சேலை அப்படிப் பொருந்திப் போச்சு ஆத்தாளுக்கு. பச்சைக் கரை தோள்ல வந்துச்சு, முந்தி எடது பக்கம் விழுந்துச்சு. தீவாராதனை காட்டும்போது அரக்கு நெறம் கன்னத்துல அடிச்சு, ஆத்தா வெக்கப்பட்ட மாதிரி இருந்துச்சு. சிரிச்சா தங்கச்சி, நெசமாச் சிரிச்சா”ன்னு ஒண்ணு விடாமச் சொல்லுதா. நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், காலடியில கெடந்த தாழம்பூ வரைக்கும் சொல்லுதா. நான் ஒத்த வார்த்தையில சொன்னத அவ உக்காந்து சொல்லுதா. எதுக்குச் சொல்லுதா? நான் பாக்கல, அவ பாத்துட்டான்னு காட்டத்தான? எனக்குத் தெரியாதா அவள?

மேல ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? “கீழதான் நல்ல எடம்”னு சொன்னாளாம். அது சொல்லுறதா? வெளக்கமாச் சொல்ல வேண்டாமா? கொட்டகை தெரியும்டின்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? கேட்டிருப்பேன். மாட்டேனோ என்னவோ. அத விடுங்க.

இந்தா வாரது அடுத்த திருவிழா. எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. பூசாரிகிட்டப் போயி, “எனக்கு மூட்டுவலி, படி ஏற முடியல, வேற யாராவது சேலைய எறக்கட்டுமே”ன்னு கேட்டுப் பாத்தேன். அந்த மனுசன் என்னமோ நான் பயந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு, “நாச்சியாரே, உங்க வீட்டுக்காரவுக இருக்கிற மட்டும் இது உங்க பாத்தியதை. எவனும் உங்கள அந்தச் சன்னல்லருந்து எறக்க முடியாது. நான் பாத்துக்கிடுதேன்”னு தைரியம் சொல்லி அனுப்புதாரு. எறக்க முடியாதாம்! இதோ இருக்கு சாவி. இடுப்புல கெடந்து குத்துது.

அவளுக்கென்ன? ஒரு கட்டுப்பாடு இல்ல. நெனச்ச எடத்துல நிப்பா, கண்ணாரப் பாப்பா. குடுத்து வச்சவ. புருசன் போனாலும் போனாரு, அவளுக்கு...

சீ. வாயில அடிக்கணும். அத அழிச்சிருங்க தாயி. அந்தப் போனுல இருக்கும்ல, அத மட்டும் அழிச்சிருங்க. எங்க வீட்டுக்காரவுக நல்லா இருக்கணும். நூறு வருசம் இருக்கணும். நான் அதையா சொன்னேன்? வேற என்னமோ சொல்ல வந்தேன்.

அந்தா, கதவு சத்தம் கேக்குது. எந்திரிச்சுட்டா. போங்க, போய்க் கேளுங்க, உங்க சரித்திரத்த அவளே சொல்லட்டும். நல்லாச் சொல்லுவா, சொல்லத்தான் தெரியுமே அவளுக்கு.

நில்லுங்க. திருவிழாவுக்கு இருப்பியள்ல? நீங்க தெருவுலதான் நிப்பிய, உங்கள ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. சப்பரத்துக்கு முன்னாலயே நில்லுங்க, நகராதிய. ஆத்தாளப் படம் எடுக்க விட மாட்டாக, கண்ணாலயே நல்லாப் பாத்துக்கோங்க. இந்த வருசம் மயில்கழுத்து நெறத்துல பட்டு எடுத்திருக்கேன். அது எப்படி இருந்துச்சு, புல்லாக்கு ஆடுச்சான்னு பாத்துட்டு, நேரா மேல வந்து எங்கிட்டச் சொல்லுங்க. அவளுக்கு முன்னால வந்து சொல்லுங்க தாயி. அவ வந்து சொல்லி நான் கேக்கக் கூடாது.